ஆளில்லாத மேடு

என் பேச்சு நீளும் என்று தெரிந்தே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு தலைமை தாங்கும் முன்னாள் தலைமையாசிரியை தஹுரா பானு அம்மையார் அவர்களே! அம்மையாருக்கு இப்புறம் மூவரும் அப்புறம் மூவருமாக அமர்ந்து மேடையை நிறைத்திருக்கும் பகுல்கஞ்ச் நூலகக் குழுவின் பெரியவர்களே! வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வேண்டியபோது மட்டும் காது கேட்கும் முன்வரிசை மூத்தோரே! அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு அரிவாளும் கையுமாக வந்து நிற்கும் உழவர்களே! பிள்ளைக்கு ஒரு கண்ணும் பேச்சுக்கு ஒரு காதும் தந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பந்தல் நிழல் எட்டாத இடத்தில், வெயிலில் அமர்ந்திருக்கும் மேட்டுக் குடும்பத்தாரே! அழைப்பிதழ் இல்லாமலே எந்த விழாவுக்கும் வந்துவிடும் அன்னை பத்மா நதியே! சிதிகண்ட பௌமிக் என்ற இந்தப் பழைய ஹோமியோபதிக்காரனின் நமஸ்காரமும் ஆதாபும் சலாமும் உங்கள் எல்லோருக்கும் உரியன.

கைதட்டலுக்கு நன்றி. இப்போதே தட்டிக்கொள்ளுங்கள். பேச்சு முடியும்போது உங்களுக்குத் தட்ட மனம் வராது.

சற்றுமுன் ஒரு வாழ்த்துப் பத்திரத்தை வாசித்து என் கையில் கொடுத்தீர்கள். பொன்னெழுத்து, கண்ணாடிச் சட்டம், சந்தன மாலை. "பதினோரு ஆண்டுகளுக்கு முன், பத்மாவின் பசிக்கு இரையாகவிருந்த மூவாயிரத்து நானூறு நூல்களைத் தம் தோளில் சுமந்து காத்த தொண்டர்" என்று அதில் என்னைத் தீட்டியிருக்கிறீர்கள். இந்தத் தோளைப் பாருங்கள். என் வீட்டு அரிசி மூட்டையைக்கூட இந்தத் தோள் சுமந்ததில்லை. என் மனைவி அந்த மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், கேட்டுப் பாருங்கள். சிரிக்கிறாள், சாட்சி கிடைத்துவிட்டது. அந்தப் பத்திரத்தில் என் பெயர் எட்டு இடத்தில் வருகிறது. படகோட்டி ஹாத்தெம் அலியின் பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை. அவர் பெயரைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லிவிட்டு, புதிய நூலகத்துக்கு நீங்கள் என் கையால் நாட்டச் சொல்லும் அடிக்கல்லை ஏன் நாட்ட மாட்டேன் என்பதையும் சொல்வேன்.

என்ன சலசலப்பு அங்கே? கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்கிறீர்களா? பிசகியது பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, ஐயா. இன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. உட்காருங்கள்.

அவையோரே, வங்காளிகளாகிய நாம் யார்? மலையை அரைத்து ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் முளைத்தவர்கள் நாம். தேடிப் பாருங்கள், நம் ஊரில் நமக்கென்று ஒரு பாறை உண்டா? பற்றிக்கொள்ள ஒரு குன்று உண்டா? இக்கரையில் கரைத்ததை அக்கரையில் மேடாக்கித் தருகிறாள் பத்மா. அங்கே நாணல் பூக்கிறது, நாலு குடும்பம் குடியேறுகிறது, மறுபடியும் கரைக்கிறாள். சித்திரையில் சீறிவரும் புயல், ஆனியில் கடம்பு பூக்கும் மழை, மழை ஓய்ந்தால் வெண்ணாணல், பனி தொடங்கினால் புதுநெல், குளிரில் பேரீச்சம்பாகு, பிறகு இலவம் சிவக்கும் இளவேனில் என்று ஆறு பருவங்கள் நமக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப் பாட்டு வைத்திருக்கிறோம்.

பஞ்சம் வந்தது, பாடினோம். கோடு கிழித்து நாட்டை இரண்டாக்கினார்கள், பாடினோம். தாய்மொழிக்காகப் பிள்ளைகள் தெருவில் விழுந்தார்கள், பாடினோம். கடல் எழுந்து கரையோரத்தை வழித்துக்கொண்டு போனது, பாடினோம். போர் வந்தது. பாடிக்கொண்டே போனோம், பாடிக்கொண்டே மீண்டோம். பாட்டு நம்மைக் காத்தது, நான் மறுக்கவில்லை. பேச்சு நம்மைத் தூக்கி நிறுத்தியது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் பாட்டும் பேச்சும் யாரைக் காக்கவில்லை என்று ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்தோமா? நான் யோசித்தேன். தாமதமாக யோசித்தேன். அதனால்தான் வெட்கத்தோடு நிற்கிறேன்.

மழை ஓயாத பாத்ர மாதம் அது. ஆறு வாய்கொள்ளாத வெள்ளத்தோடு போய்க்கொண்டிருந்தது. நம் பழைய நூலகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே அறுபது முழம் கரை இருந்தது. ஹாத்தெம் அலி விடியற்காலையில் கரை நெடுகச் சணல் குச்சிகளை நட்டுவைப்பார். எத்தனை குச்சி போயிற்று என்று எண்ணிவிட்டுத்தான் படகை அவிழ்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். ஆனால் அவர் அளந்த அளவு ஒரு நாளும் பிசகியதில்லை.

அப்போது நூலகத்துக்கு ஐம்பதாம் ஆண்டு. நான் செயலாளர். விழாக்குழு கூடுகிறது. முதல் பொருள், தொடக்கப் பாடலை நின்று பாடுவதா, அமர்ந்து பாடுவதா. இரண்டாவது, சிறப்பு விருந்தினருக்கு மாலையா, மலர்ச்செண்டா. மூன்றாவது, விழா மலருக்கு என்ன பெயர். ஆற்றை எங்கே வைத்தோம் தெரியுமா? 'இதர விஷயங்கள்' என்ற கடைசி வரியில் வைத்தோம். அந்த வரி வருவதற்குள் தேநீர் தீர்ந்துவிடும், பொரி தீர்ந்துவிடும், பாதிப் பேர் போய்விடுவார்கள். கரையைக் காக்கச் சொல்லி அரசுக்கு ஒரு மனு எழுதினோம். அதில் 'ஆற்றின் சீற்றம்' என்று எழுதுவதா, 'ஆற்றின் ஆக்கிரமிப்பு' என்று எழுதுவதா என்பதில் இரண்டு மாலைகள் போயின. தாயைப் போய் ஆக்கிரமிப்புக்காரி என்பதா என்று ஒருவர் கண் கலங்கினார். பெயர் சொல்ல மாட்டேன், இந்த மேடையிலேயே இருக்கிறார். தலையைக் குனிய வேண்டாம் ஐயா, உங்களை எதிர்த்து முக்கால் மணி நேரம் பேசியவன் நான்தான்.

ஹாத்தெம் வாசலில் நிற்பார். கால் ஈரமாக இருக்கும், அதனால் பாய்மேல் வரமாட்டார். "அய்யா, நாப்பத்தெட்டு" என்பார். உங்கள் முறை வரும், பொறுங்கள் என்போம். இரண்டு நாள் கழித்து, "அய்யா, முப்பத்தொண்ணு." குறித்துக்கொண்டோம் என்போம். உண்மையாகவே குறித்துக்கொண்டோம், நேர்த்தியான கையெழுத்தில். குறிப்பேடு இன்றும் இருக்கிறது.

அவையோரே, கரைவாழ் மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நகரத்திலிருந்து வந்த விருந்தினருக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டை ஆறு நெருங்கிவிட்டால், வீட்டுக்காரர் வாசலில் நின்று கை கேட்பார். 'கை வேணும்' என்று ஒரு குரல், அவ்வளவுதான். கேட்ட மாத்திரத்தில் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு ஸ்பேனரும் சுத்தியலுமாக ஓடி வருவார்கள். தகரம் தகரமாக, தூண் தூணாக வீட்டைப் பிரித்துப் படகில் ஏற்றிவிட்டுத்தான் கலைவார்கள். இந்து வீடா முஸ்லிம் வீடா என்று பார்ப்பதில்லை. நேற்றுச் சண்டை போட்ட வீடா என்றும் பார்ப்பதில்லை. மண்ணைக் காக்க வழியில்லாத ஊரில் கூரையையாவது காக்க நாமே கண்டுபிடித்த அறம் அது. ஒருவர் கேட்ட கையை இன்னொருவர் திருப்பிக்கொண்டு போவது இந்தக் கரையில் நடந்ததே இல்லை. ஒரே ஒருமுறை நடந்தது. நடத்தியவன் நான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. நூலகத்துக்குப் பதினேழு முழம் மிச்சம். அதற்குக் கொஞ்சம் கீழே, வளைவில், ஹாத்தெம் வீட்டுக்குப் பதினோரு முழம். அவர் கை கேட்டார். நாற்பது பேர் வந்துவிட்டார்கள். அவருடைய பெரிய படகு வாசலில் கட்டியிருக்கிறது. மனைவி ஜைத்தூன் மூட்டைகளைக் கட்டிவைத்துவிட்டுத் தொட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். முதல் தகரத்தில் திருகாணி கழன்றுவிட்டது. அந்த நேரத்தில் மூச்சிரைக்க நான் போய்ச் சேர்ந்தேன்.

போய் என்ன செய்தேன்? பேசினேன், ஐயா. ஒரு மூட்டைமேல் ஏறி நின்று பேசினேன். "தகரம் சந்தையில் கிடைக்கும், தலைமுறைகளின் தவம் சந்தையில் கிடைக்குமா? கூரை போனால் ஒரு குடும்பம் நனையும், நூலகம் போனால் ஒரு குலமே இருளும். போரில் ஒளித்துவைத்துக் காத்த நூல்களைப் பொழுது விடிந்த வேளையில் ஆற்றுக்குக் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் அதைவிடச் சிறப்பாக நான் பேசியதில்லை. நாற்பது பேரும் கண் கலங்கினார்கள். இடிந்துகொண்டிருக்கிற கரையில் நின்று கைதட்டினார்கள். தட்டிய சிலர் இந்தப் பந்தலிலும் இருக்கிறீர்கள்.

ஹாத்தெம் மட்டும் தட்டவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டாக்டரண்ணே, காலையிலதான் அளந்தேன். பதினோரு முழம். மதியத் தொழுகை வரைக்கும்கூடத் தாங்காது."

"ஆத்தப் பத்தி எனக்கும் தெரியும்பா. நாளைக்குக் காலையில நாங்க எல்லாருமா வந்து உன் வீட்டக் கழட்டித் தர்றோம். இது என் வாக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். ஜைத்தூன் என்னிடம் பேசவில்லை, கணவரிடம்தான் கேட்டார். "நாப்பது பேரும் போயிட்டா நான் யார வச்சுக் கழட்டுறது?"

ஹாத்தெம் என்ன சொல்வார்? மறுத்தால், நாற்பது பேர் முன்னால், ஊரின் அறிவை ஆற்றில் விட்ட மனிதர் ஆகிவிடுவார். அப்படியொரு மூலையில் என் நாக்கு அவரைத் தள்ளியிருந்தது. படகை அவிழ்த்தார். நாற்பது பேரும் என் பின்னால் வந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் படகில் நாலு நடை. மூவாயிரத்து நானூறு புத்தகம், இரண்டு ஹார்மோனியம், பதினாறு நாற்காலி, தலைவர்களின் படங்கள், விழா வளைவுக்கு வாங்கிய வண்ணத்துணி. ஆம் தாயே, வண்ணத்துணியையும் ஏற்றினோம். மூன்றாவது நடையில் ஆற்று வளைவுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. கரைக்காரர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஹாத்தெம் துடுப்பை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மறுபடியும் துடுப்புப் போட்டார். மதியத் தொழுகை அழைப்பு அதற்குப் பிறகுதான் கேட்டது.

வீடு முழுதும் போயிற்று. ஜைத்தூன் தனியாளாக ஒரு தகரத்தையாவது காப்பாற்றலாம் என்று இழுத்திருக்கிறார். தகரம் சரிந்து இடக்கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. மாலையில் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். கட்டுப் போட்டுவிட்டு ஆர்னிகா உருண்டை கொடுத்தேன். கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை என் வாக்கு என்ன ஆயிற்று? பிரிக்க வீடே இல்லையே, எதற்குப் போவது? நான் புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் நின்று செய்தித்தாள்காரருக்குப் படம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஹாத்தெம் ஏழு வருடம் உயிரோடு இருந்தார். கரையில் வீடில்லாதவருக்குப் படகு எதற்கு? அதை விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குக் கூலிக்குப் போனார். இருமலோடு என்னிடம் மருந்துக்கு வருவார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த இருமலில்தான் போனார்.

அவர் காத்துக் கொடுத்த புத்தகங்கள் எங்கே? பள்ளிக் கிடங்கில் தகரப் பெட்டிகளில் பூட்டி வைத்தோம். போன மாதம் திறந்து பார்த்தேன். கறையான் தின்றது போக ஆயிரம் தேறும். பதினோரு வருடமாக நாம் ஆண்டுதோறும் விழா எடுத்தோம், ஆண்டுதோறும் உரையாற்றினோம். ஒரு நாள் அவற்றை வெயிலில் காயவைக்கவில்லை.

தலைவர் அம்மையார் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரம்' என்று ஒரே சொல். அம்மா, பதினோரு வருடம் தாமதமாகத் தொடங்கினேன், இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

இந்தப் பந்தலுக்குப் பின்னால் உயர்ந்து தெரிகிறதே அவுரிமேடு, அதன் கதை உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரத் துரை அங்கே மாளிகை கட்டியிருந்தான். நெல் விதைத்த குடியானவனை அடித்து, நீலச் சாயத்துக்கு அவுரி விதைக்கச் சொன்னான். மறுத்தவன் குடிசையை அந்த மேட்டிலிருந்து ஆள் விட்டுப் பிரித்தெறிந்தான். நம் முன்னோர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் எழுந்தார்கள், துரை ஓடினான். இதையும் ஆண்டுதோறும் நாடகமாக நடிக்கிறோம். துரை வேடத்துக்குத்தான் எப்போதும் போட்டி.

இன்று அந்த மேட்டில் யார் இருக்கிறார்கள்? ஆறு துரத்தித் துரத்தி, கடைசியில் வெள்ளம் ஏறாத இடம் அது ஒன்றுதான் என்று ஒதுங்கிய பதினான்கு குடும்பங்கள். அதில் ஒரு குடிசை ஜைத்தூனுடையது. நம் புதிய நூலகம் வரப்போவதும் அங்கேதான். நேற்று மாலை இடம் பார்க்கப் போனேன். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோடு அவருடைய அடுப்புக்கு நடுவே போகிறது. அவர் கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்துப் பௌஷ மாதம் முடிவதற்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டுமென்று அறிவிப்பு வந்திருக்கிறதாம்.

அறிவிப்பு எப்படி வந்தது? நிலம் கேட்டு அரசுக்கு எழுதிய விண்ணப்பத்தால் வந்தது. விண்ணப்பத்தை எழுதியது யார்? சொல்நயம் மிக்க சிதிகண்ட பௌமிக். 'ஆளில்லாத மேடு' என்று எழுதினேன். ஆளிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அவர்களுக்கு இருமல் மருந்து கொடுப்பவனே நான்தானே. ஆளிருக்கிறது என்று எழுதினால் நிலம் கிடைக்காது, அதனால் எழுதினேன். துரை ஆள் விட்டுச் செய்ததை நான் ஒரு வரியில் செய்துவிட்டேன்.

யார் அது, மேடையிலிருந்தே குரல்? 'அவர்களுக்கு வேறு இடம் தருவார்கள்' என்கிறாரா? எங்கே, ஐயா? இடத்தின் பெயரைச் சொல்லுங்கள், பந்தல் முழுதும் கேட்கட்டும். ஆற்றைத் தவிர வேறெங்கே இருக்கிறது இடம்? 'அப்படியானால் நூலகம் வேண்டாமா' என்று ஓர் இளைஞர் கேட்கிறார். வேண்டும், தம்பி. பள்ளிக் கிடங்கைக் கூட்டிப் பெருக்கி நாளைக்கே திறக்கலாம், ஆயிரம் புத்தகத்துக்கு அது போதும். குடிசைகளின்மேல் கட்டினால் அந்த நூலகத்தில் உட்கார்ந்து நீங்கள் எதைப் படிப்பீர்கள்? அவுரிக் கலகத்தின் வரலாற்றையா?

ஆகவே, அவையோரே, ஹாத்தெம் அலியின் பெயரால், அவர் விட்டுக்கொடுத்த அந்த நாற்பது பேரின் பெயரால், இந்த மண்ணில் வேர்பிடிக்க முடியாமலே வாழ்ந்து மறைந்த லட்சோபலட்சம் கரைமக்களின் பெயரால் நான் உங்களைக் கேட்கிறேன்...

பொறுங்கள். பெண்கள் பக்கம் யாரோ எழுந்து நிற்கிறார்கள். ஜைத்தூன், நீயா? சொல்லம்மா. ஒலிவாங்கி அங்கே எட்டாது. நீ சொல், நான் திருப்பிச் சொல்கிறேன்.

பின்வரிசைக்குக் கேட்டதா? கேட்கவில்லையா? திருப்பிச் சொல்கிறேன், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். "டாக்டரண்ணே, நல்லாப் பேசுறீங்க. அன்னைக்கும் இப்படித்தான் நல்லாப் பேசுனீங்க" என்கிறார்.

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. இனி நான் பேச ஒன்றும் இல்லை. என் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம், மேட்டில் பதினான்கு குடும்பங்கள் குடியிருக்கின்றன என்று எழுதியிருக்கிறேன். அலங்காரம் இல்லாமல் நாலே வரி. குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். என் கையெழுத்தை நேற்றே போட்டுவிட்டேன். மற்ற ஆறு பேரும் இதோ இந்த மேடையில் இருக்கிறார்கள். தாளை மேசைமேல் வைக்கிறேன், பேனாவையும் வைக்கிறேன். அந்த ஆறு கையெழுத்தும் விழும்வரை இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். ஒலிபெருக்கிக்காரத் தம்பி, கருவியை அணைத்துவிடு. பேச மாட்டேன், நிற்பேன். உங்களுக்கு நேரமிருந்தால் நீங்களும் இருங்கள்.

பொறுத்துக் கேட்ட தலைவர் அம்மையாருக்கும், பெரியோருக்கும், தாய்மாருக்கும், என்னைத் திருத்திய ஜைத்தூனுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.